புயல் வருகிறது, அம்மா சென்னையில் தரைத்தளத்தில் தனியாக. சிங்கப்பூரிலிருந்து என்ன செய்வது?

27 நவம்பர் 2024, இரவு 9.40 (கேள்வி, செங்காங் வாசகி)

வங்கக் கடலில் புயல் சின்னம் என்று இரண்டு நாளாகச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு 68 வயது. வேளச்சேரியில் தரைத்தள வீடு, அப்பா இல்லை. போன வருடம் மிக்ஜாம் புயல் வந்தபோது முழங்கால் அளவு தண்ணீர், இரண்டு நாள் கரண்ட் இல்லை, போன் இல்லை. நான் இங்கே அலுவலகக் கழிவறையில் அழுதுகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் கிளம்பிப் போய்விடலாமா? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகக் கணவர் சொல்கிறார். இப்படி இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

27 நவம்பர், இரவு 11.15 (பதில், இன்னொரு வாசகர்; இனி வருபவை எல்லாம் அவர் எழுதியவை)

போகாதீர்கள்.

2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் நான்கைந்து நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மூடி மறுநாள்தான் திறந்தார்கள். நீங்கள் பெங்களூரில் இறங்கி பஸ் தேடிக்கொண்டு நிற்பீர்கள், அம்மா உங்களை நினைத்துக் கவலைப்படுவார். அப்படியே போய்ச் சேர்ந்தாலும் அந்த வீட்டில் காப்பாற்றவேண்டிய ஆள் ஒன்றுக்கு இரண்டாகும்.

இன்றே ஒரு போன் போடுங்கள், அம்மாவுக்கு வேண்டாம், மாடி வீட்டுக்காரருக்கு. மீதியை நாளை எழுதுகிறேன், காலை ஷிப்ட்.

28 நவம்பர், காலை 6.50, எம்ஆர்டி ரயிலில்

நேற்று கொஞ்சம் கறாராக எழுதிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என் கதை.

என் அம்மா முடிச்சூரில் இருக்கிறார், தாம்பரத்துக்கு மேற்கே. 2015 நவம்பர் நடுவிலேயே ஒருமுறை தண்ணீர் வந்து வடிந்திருந்தது. டிசம்பர் 1 அன்று வந்தது வேறு மாதிரி. அன்றைய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. கொட்டியது. ராத்திரி எட்டு மணிக்கு அம்மா, "வாசல்படி வரைக்கும் வந்துடுச்சுப்பா, நீ தூங்கு" என்று சொல்லி வைத்தார். அப்புறம் லைன் கிடைக்கவில்லை. செல்போன் டவர்களுக்கு ஜெனரேட்டரில் டீசல் இருக்கும் வரைதான் உயிர்.

நான் இங்கே தெம்பனிஸில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்தேன்? வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தட்டினேன். "முடிச்சூர், வயதான பெண்மணி, தனியாக, படகு தேவை, அவசரம்", முகவரி, என் எண். பதினைந்து குழுக்களில் போட்டேன். தேதி போடவில்லை, நேரம் போடவில்லை.

டிசம்பர் 2 காலையிலேயே எதிர்வீட்டு டீச்சரின் பையன்கள் லாரி டியூபில் உட்காரவைத்து அம்மாவைத் தங்கள் மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்குத் தெரிய வந்தது மூன்றாம் தேதி. அந்தச் சந்தோஷத்தில், போட்ட செய்தி ஊரைச் சுற்றிக்கொண்டிருப்பது மறந்தே போனது. ஐந்தாம் தேதி இரவு முகம் தெரியாத ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்: "சார், படகோட உங்க வீட்டு வாசல்ல நிக்கிறோம், பூட்டியிருக்கு, உள்ள யாராவது இருக்காங்களா?"

இல்லை என்று பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தப் படகு அந்த நேரத்தில் வேறு எந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டுமோ. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றில் ஏதோ செய்கிறது.

ஆகவே உதவி கேட்டு எழுதினால் தேதி, நேரம், எத்தனை பேர், எந்த மாடி. ஆள் மீண்டதும் போட்ட எல்லா இடத்திலும் போய் "முடிந்தது" என்று போடுங்கள். இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்துவிட்டது.

28 நவம்பர், மதியம் 12.30

திருத்தம். தலைப்பில் புயல் இருப்பதால் 2015ஐயும் புயல் என்று நினைத்துக்கொண்டு படிக்கிறார்கள். அது புயலே இல்லை. காற்றழுத்தத் தாழ்வு, வடகிழக்குப் பருவமழை, அவ்வளவுதான். பெயர்கூடக் கிடையாது. 2016ல் வந்த வர்தாவுக்குப் பெயர் உண்டு, அது மரத்தைச் சாய்த்த அளவுக்கு வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டுவரவில்லை. செய்தியில் 'புயலாக மாறாது' என்று சொன்னால் பெருமூச்சு விடவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். காற்றின் வேகம் பார்த்துப் பெயர் வைக்கிறார்கள், உங்கள் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று பார்த்து அல்ல.

28 நவம்பர், இரவு 10.05

வேளச்சேரி அக்கா (அக்காவா தங்கையா தெரியவில்லை, மன்னிக்கவும்), அம்மாவிடம் போனில் செய்யச் சொல்லவேண்டியவை. இரண்டு வெள்ளத்தில் என் அம்மாவிடம் கற்றது, என் சொந்தச் சரக்கு குறைவு.

மேல்தொட்டியை இன்றே நிரப்பச் சொல்லுங்கள். வெள்ளம் வந்துவிட்டால் சுத்தமான தண்ணீர் என்று இருக்கப்போவது அது மட்டும்தான். சம்ப்பை (தரைக்கடியில் இருக்கும் தொட்டி) காலி செய்து மூடிவிடுங்கள், சாக்கடை கலந்தால் கழுவ எளிது.

கழிவறைதான் எல்லோரும் மறக்கும் இடம். தெருவில் தண்ணீர் ஏறினால் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிவறைக் குழி வழியாக மேலே வரும். பாலிதீன் பையில் மணலைக் கட்டிக் குழியில் அழுத்தி வைக்கவேண்டும், குளியலறைத் தரைத் துளைகளிலும் அதே. நாற்றத்தோடு வரும் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றில்லை என்பது 2015ல் ஒரு மாதம் வீடு கழுவியவர்களுக்குத் தெரியும்.

கரண்ட். மெயினை அணைத்துவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயின் போன பிறகும் சில பிளக்குகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதையும் தனியாக அணைக்கவேண்டும். பேட்டரி பெரும்பாலும் தரையில்தான் உட்கார்ந்திருக்கும், இரண்டு பேர் இருந்தால் மேசைமேல் ஏற்றலாம். 68 வயதில் தனியாகத் தூக்கவேண்டாம், போனால் போகட்டும்.

சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரை ஜன்னல் கம்பியில் கட்டவேண்டும். சிலிண்டர் மிதக்கும். எங்கள் தெருவில் சிவப்புச் சிலிண்டர் ஒன்று வாத்து மாதிரி போனதை டீச்சர் வீட்டு மாடியிலிருந்து பதினோரு பேரும் பார்த்திருக்கிறார்கள். யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

பத்திரம், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாம் பரணில். அடியில் வேண்டாம், பீரோவின் கீழ்த்தட்டு நிச்சயமாக வேண்டாம். என் பள்ளிக்கூடப் போட்டோக்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன.

29 நவம்பர், காலை 7.10

சம்ப் பற்றி நேற்று எழுதியது தவறு. கட்டட வேலையில் இருக்கும் ஒருவர் இரவே திட்டி எழுதியிருக்கிறார், திட்டியது சரிதான். நிலத்தடி நீர் ஏறும்போது காலித் தொட்டி படகு மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும், பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே சம்ப் நிறைந்திருக்கட்டும், பாரத்துக்கு. மூடியைச் சுற்றி அடைத்துவிடலாம். அந்தத் தண்ணீரை வெள்ளத்துக்குப் பிறகு குடிக்கவோ சமைக்கவோ கூடாது, இறைத்துக் கழுவிவிட்டுத்தான் மீண்டும் நிரப்பவேண்டும்.

அம்மாவிடம் கேட்டேன். "நான் எப்பவுமே ரொப்பித்தான் வெப்பேன், நீ எதுக்குடா ஊருக்கெல்லாம் தப்பா எழுதுற?" என்றார்.

29 நவம்பர், இரவு 8.30

மதியம் பெயர் வைத்துவிட்டார்கள், ஃபெஞ்சல்.

நடுவில் ஒரு நண்பர் வந்து, சிங்கப்பூரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும், இங்கே ஒரு சொட்டு நிற்கிறதா என்று பாடம் எடுத்திருக்கிறார். வேலை முடிந்துவிட்டது, பதில் எழுத நேரமிருக்கிறது.

நின்றிருக்கிறது. 1978 டிசம்பர் 2 அன்று ஒரே நாளில் 512 மி.மீ. பெய்து ஏழு பேர் இறந்தார்கள், ஆயிரம் பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பொத்தோங் பாசிர் பக்கம் இருந்த பெரியவர்களிடம் கேளுங்கள், மாட்டை அவிழ்த்துவிட்ட கதை சொல்வார்கள். 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலையிலேயே கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது, ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயில் குப்பை அடைத்துக்கொண்டது. 2011 கடைசியில் மறுபடி அங்கே தண்ணீர் நின்றபோது பொதுப் பயனீட்டுக் கழகம் அதை வெள்ளம் என்று சொல்லாமல் 'பாண்டிங்' என்றது. குட்டை கட்டியிருக்கிறதாம். ஊரே சிரித்தது. அடுத்த மாதம் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணனே நாடாளுமன்றத்தில் அந்தச் சொல்லைக் கைவிட்டு வெள்ளத்தை வெள்ளம் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிள்ளை தண்ணீரைக் கொட்டினால் 'பாண்டிங்' என்றுதான் சொல்லிக்கொள்கிறோம்.

புயல் இங்கே வராது என்பதும் முக்கால் உண்மை. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் காற்று சுழலப் பூமியின் சுழற்சி போதாது என்பார்கள். 2001 டிசம்பரில் வாமெய் என்று ஒரு புயல் ஒன்றரை டிகிரி அட்சரேகையில் உருவாகி, 27 அன்று நமக்கு வடகிழக்கே மலேசியாவின் ஜோகூரில் கரையேறியது. அதைக் கிறிஸ்துமஸ் மழை என்று நினைத்துக் கம்பத்தில் துணி காயப்போட்டவர்கள் உண்டு.

கற்றுக்கொள்ளலாம் என்பதை மறுக்கவில்லை. 1970களில் இங்கே 3,200 ஹெக்டேர் வெள்ளம் சூழும் நிலம், இப்போது 30 ஹெக்டேருக்கும் கீழே. அது ஐம்பது வருடக் கால்வாய் வேலை. ஒரே நாளில் கொட்டிய உச்ச மழையைப் பார்த்தால் சென்னைக்கும் நமக்கும் பெரிய வித்தியாசமில்லை, தண்ணீர் வெளியேறும் வழிதான் வேறு.

சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டில் கடல்மட்டம் ஏறியிருக்கும்போது மழைத் தண்ணீரை வெளியே தள்ள ஏழு பம்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கனமீட்டர். ஏழும் ஓடினால் 280. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்டது 29,000 கனஅடி, அதாவது நொடிக்கு 820 கனமீட்டர். மரினா அணைக்கட்டின் மொத்தப் பம்புகளைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு, ஓர் ஏரியின் மதகு வழியாக. மணிமங்கலம் மாதிரி மற்ற ஏரிகளின் உபரியும் அதே அடையாற்றில்தான் வந்து சேர்ந்தது. எங்கள் முடிச்சூரை முக்கியமாக மூழ்கடித்தது இந்த ஏரிகள், செம்பரம்பாக்கத்தை மட்டும் திட்டுபவர்கள் கவனிக்கவும்.

புயல் நேரத்தில் இன்னொரு கொடுமை. மிக்ஜாம் கரையேறியது ஆந்திராவில், பாபட்லா பக்கம். ஆனால் போகிற வழியில் சென்னைக்கு நேரே கடலில் மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது. கடல் கொந்தளித்து உயர்ந்திருந்ததால் முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீரை வாங்கவில்லை. வடிகால் புதிதாகக் கட்டியிருந்தும் வேளச்சேரி, பள்ளிக்கரணையில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். பள்ளிக்கரணை சதுப்பு நிலமாகவே இருந்திருந்தால் அங்கே நின்றிருக்கும், சதுப்பு நிலத்தில் நாம் வீடு வாங்கியிருக்கிறோம். நாம் என்று எழுதியது தெரிந்தேதான். அங்கே வீடு வாங்க என் மச்சானுக்குக் கடன் கொடுத்தது நான்.

29 நவம்பர், இரவு 11.50

கேள்வி கேட்டவரிடமிருந்து தனிச்செய்தி. மாடிவீட்டுக்காரரிடம் அம்மா பேசமாட்டாராம், குப்பைத் தொட்டி வைக்கும் இடத்தில் மூன்று வருடச் சண்டை. நீங்களே பேசுங்கள். வெட்கப்படாமல் பேசுங்கள். நாளை விடிந்ததும் பேசுங்கள்.

30 நவம்பர், சனி, மதியம் 3.20

விமான நிலையம் மூடியாகிவிட்டது. நேற்று காலை கிளம்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஏற்பாடு: அம்மா போனை அணைத்தே வைத்திருப்பார். அங்கே காலை 8, இரவு 8, பத்து நிமிடம் மட்டும் உயிரூட்டுவார். இங்கே பத்தரை. அந்தப் பத்து நிமிடத்தில் நான் மட்டும் அழைப்பேன், பெங்களூர் சித்தி, துபாய் தம்பி எல்லோரும் என்னிடம்தான் கேட்கவேண்டும். மிக்ஜாமில் இப்படி வைத்துக்கொண்டதில் ஒரு பட்டன் போன் மூன்று நாள் தாங்கியது. 2015ல் நாங்கள் ஐந்து பேர் மாற்றி மாற்றி அழைத்தே அவர் பேட்டரியைத் தீர்த்தோம். அழைப்பு போகாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள், அது காத்திருந்து நுழைந்துவிடும்.

30 நவம்பர், இரவு 10.41

பேசிவிட்டேன். மழை, காற்று, கணுக்கால் தண்ணீர். "டீச்சர் வீட்ல உப்புமா." அவ்வளவுதான் செய்தி.

1 டிசம்பர், ஞாயிறு, மாலை 5.00

சென்னை தப்பித்தது. இந்த இழை முழுக்கச் சென்னை சென்னை என்று எழுதிக்கொண்டிருந்ததற்கு இன்று தலை குனிகிறேன்.

புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு. என்னுடன் சைட்டில் வேலை பார்க்கும் தம்பிக்கு விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். நேற்று மதியம்கூட என்னிடம், "உங்க அம்மா எப்படிண்ணே இருக்காங்க?" என்று கேட்டான். நானும் விலாவாரியாகச் சொன்னேன். உன் வீட்டில் எப்படி என்று நான் கேட்கவில்லை.

இன்று தேக்காவில் (இங்குள்ள லிட்டில் இந்தியா) அவனைப் பார்த்தேன். சம்பளத்தை அனுப்ப வரிசையில் நிற்கிறான், போன் காதில். வீட்டில் யாரும் எடுக்கவில்லை. கொட்டகை போய்விட்டது, இரண்டு ஆடு போய்விட்டது என்று பக்கத்து ஊர்க்காரர் சொன்னாராம். மாடி வீட்டுக்காரரைப் பிடியுங்கள் என்று நான் உங்களுக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, அவன் தெருவில் மாடி வீடே இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றுதான் காங்கிரீட்.

3 டிசம்பர், இரவு 9.15

தம்பி வீட்டில் பேசிவிட்டான், எல்லோரும் பள்ளிக்கூடத்தில். அதற்குள் தென்பெண்ணை ஆற்றில் வெள்ளம் வேறு. சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் வந்தது, சென்னை-திருச்சி சாலையே அரசூரில் அறுபட்டு நின்றது. மழை நின்ற பிறகு வந்த தண்ணீர் இது. மேலே எங்கேயோ, ஊத்தங்கரையில், பெய்தது.

பணம் எவ்வளவு அனுப்பலாம் என்று கேட்டான். முதல் வாரம் பணத்துக்கு வேலையில்லை, கடை திறந்திருக்காது, ஏடிஎம் ஓடாது. இரண்டாம் வாரம்தான் பணம் வேண்டும்: அரிசி, பாய், அடுப்பு, ஸ்கூல் புத்தகம். இங்கிருப்பவர்கள் முதல் நாளே இருப்பதை எல்லாம் அனுப்பிவிட்டு அப்புறம் கடன் வாங்குகிறார்கள். இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொன்னேன்.

சேற்றில் வெறுங்காலோடு இறங்கவேண்டாம் என்றும் சொல்லச் சொன்னேன். எலிக்காய்ச்சல் வருவது அதிலிருந்துதான், காலில் சின்ன வெட்டு இருந்தால் போதும். மருத்துவ முகாமில் மாத்திரை தருவார்கள், காய்ச்சல் வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது.

4 டிசம்பர், மதியம் 1.05

கார் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் சாவியைத் திருப்பும் அந்த நொடியில்தான் இன்ஜின் உடைகிறது. இழுத்துக்கொண்டு போகவேண்டும். ஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா என்று காப்பீட்டில் கேட்பார்கள், இன்ஜின் பாதுகாப்பைத் தனியாக எடுக்கவில்லையென்றால் அப்புறம் பேச்சே இல்லை. வேளச்சேரிக்காரர்கள் இதில் நம்மைவிடத் தெளிவு. அக்டோபரில் மழை என்றதும் மேம்பாலத்தின்மேல் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

4 டிசம்பர், இரவு 10.20

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். மாடிவீட்டுக்காரரிடம் முப்பதாம் தேதி காலை பேசினாராம். அவர், "சண்டை குப்பைத்தொட்டிக்குத்தாம்மா, அம்மாவுக்கு இல்ல" என்று சொல்லிக் கீழே போய் அம்மாவை அழைத்துவந்திருக்கிறார். தண்ணீர் வீட்டுக்குள் வரவே இல்லை. இரண்டு நாள் தங்கிவிட்டு இறங்கியதும் அம்மா முதல் வேலையாகக் குப்பைத்தொட்டியை மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டாராம். சாவி மட்டும் இன்னும் மாடியில் இருக்கிறது.

11 ஜனவரி 2025, சனி, இரவு 8.00

மூட நினைத்த இழை, ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கே நேற்றிலிருந்து விடாமல் மழை, தெரிந்திருக்கும். காலையில் அம்மா வீடியோ அழைப்பில் வந்தார். டிவியில் சிங்கப்பூர் மழையைக் காட்டினார்களாம்.

"தொட்டி ரொப்பினியா?"

பதினோராவது மாடிம்மா என்றேன்.

"லிப்ட் நின்னா? பக்கத்து வீட்ல யாரு இருக்கா? சாவி குடுத்து வெச்சிருக்கியா?"

இந்த புளோக்கில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு சிவப்பு மிதியடி உண்டு, காலையில் ஒரு பாட்டி செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், பார்த்தால் தலையாட்டுவோம். பெயர் தெரியாது. அம்மாவிடம் அதைச் சொல்லாமல் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.